பதினேழாம் பக்கம்

ஜூலை 3, புதன்

ரப்பர் கம்பெனிக்காரர் பொங்கலுக்குக் கொடுத்த டைரியில் இதுவரை ஒரு வரி எழுதியதில்லை. டயர் ரீட்ரெடிங் கடைக்காரனுக்கு எழுத என்ன இருக்கிறது? தேய்ந்து வந்தது, ஒட்டினேன், போயிற்று. இன்று எழுதக் காரணம், நான் கமிட்டி மெம்பர் ஆகிவிட்டேன்.

மகள் தாரணிக்குப் பஸ் பாஸ் படிவத்தில் கையெழுத்து வாங்கப் பள்ளிக்கூடம் போனேன். தலைமையாசிரியர் சிற்றம்பலம் சார் முகத்தில் என்னைக் கண்டதும் ஒரு நிம்மதி. என்னைப் பார்த்து நிம்மதி அடைந்த முதல் வாத்தியார் அவர்தான். பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு எச்.ஐ.வி தடுப்புப் பாடம் நடத்தப் போகிறார்களாம். ஒரு தொண்டு நிறுவனம் புத்தகம் போடுகிறது. அதை நாமக்கல் பக்கத்துப் பிள்ளைகளுக்குத் தக்கபடி மாற்ற ஒரு கமிட்டி. பெற்றோர் தரப்பில் இரண்டு பேர் வேண்டும், ஒருவரும் வர மாட்டேன் என்கிறார்கள்.

"வந்து உக்காந்தாப் போதுங்க செங்கோட்டுவேலு. பேச வேண்டியதில்ல" என்றார். பத்தாம் வகுப்பை இரண்டாம் தடவையில், கணக்கில் முப்பத்தைந்து வாங்கித் தாண்டியவனுக்கு இதைவிடப் பொருத்தமான வேலை கிடைக்காது.

தலைப்பைக் கேட்டதும் எழுந்து ஓடிவிடத்தான் தோன்றியது. ஆனால் பஸ் பாஸ் படிவம் அவர் கையில் இருந்தது.

ஜூலை 6, சனி

முதல் கூட்டம். மூலப் புத்தகம் ஆப்பிரிக்க நாடு ஒன்றில் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்காகப் போட்டது. தமிழாக்கிக் கொண்டுவந்தது தாட்சாயணி என்ற மதுரைப் பெண், தொண்டு நிறுவனத்து ஊழியர். படத்தில் தன் ஊரைப் பார்த்தால்தான் பிள்ளை தனக்குச் சொல்கிறார்கள் என்று நம்பும், அதற்குத்தான் மாற்றம் என்று விளக்கினார். நல்ல பேச்சு. எனக்கே புரிந்தது.

பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர் பொன்னுரங்கம் எழுந்தார். ஆறு ஷெட் கோழிப்பண்ணைக்காரர். நம் பண்பாட்டுக்கு ஒத்து வர வேண்டும் என்றார். ஒரு மணி நேரத்தில் பண்பாடு என்ற சொல்லைப் பதினொரு தடவை சொன்னார். பேச வேண்டாம் என்று சொல்லப்பட்டவன் எண்ணிக்கொண்டாவது இருக்க வேண்டாமா?

படத்தில் நின்ற ஒட்டகச்சிவிங்கி மாடாயிற்று. சுட்ட ஆடு கோழியாயிற்று. அது யார் யோசனை என்று எழுத வேண்டியதில்லை. படத்துப் பெண்ணுக்குத் துப்பட்டாவை இரண்டு பக்கமும் பின் குத்துவதா, ஒரு பக்கமா என்று நாற்பது நிமிடம். உயிரியல் எடுக்கிற ஸ்டெல்லா டீச்சர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். இன்னொரு பெற்றோர் ஒடிசாக்காரர் பிரஃபுல்லா, பொன்னுரங்கத்தின் பண்ணையிலேயே வேலை. அவர் மகளும் தாரணி வகுப்பு. அவரும் என்னைப்போல உட்கார வந்தவர்தான்.

புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். பதினேழாம் பக்கத்தை மூன்று முறை படித்தேன். 'எப்படியெல்லாம் பரவாது' என்று தலைப்பு. ஒரே டம்ளரில் குடிக்கும் இரண்டு பேர் படம். கீழே கேள்வி பதில். மாத்திரையை ஒழுங்காகப் போட்டால் மற்றவர்களைப் போலவே நெடுநாள் வாழலாம். பெற்றோருக்கு இருந்தாலும், உரிய நேரத்தில் மருந்து கொடுத்தால், பிள்ளை அது இல்லாமல் பிறக்க முடியும்.

எங்கள் வீட்டில் பதினாறு வருடமாகப் பேசாமல் வைத்திருக்கும் பேச்சு ஒன்று உண்டு. நான் செய்ய வேண்டியதை இந்தப் பக்கம் செய்துவிடும்போல. தாரணி இதை வகுப்பில் படித்துவிட்டால், பிறகு நான் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பிப்பது சுலபம். இந்தப் பக்கம் புத்தகத்தில் இருக்க வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான். மாட்டுக்கும் கோழிக்கும் நடுவே இது எவர் கண்ணில் படப்போகிறது?

ஜூலை 8, திங்கள்

வளர்மதியோடு சேலம் போய் வந்தேன். மாதாமாதம் போகிற வேலை. நாமக்கல்லிலேயே முடியும், அங்கே தெரிந்த முகம் அதிகம். பஸ்ஸில் வளர்மதி பூ கட்டிக்கொண்டே வந்தாள்.

தாரணி தன் டம்ளரின் அடியில் நெயில் பாலிஷால் சிவப்புப் புள்ளி வைத்திருக்கிறாள். தட்டுக்கும். தானே கழுவி, தனியாகக் கவிழ்க்கிறாள். எத்தனை நாளாக என்று கேட்டேன். ரெண்டு மாசமா என்றாள் வளர்மதி. ராணியம்மாவுக்குத் தனிப் பாத்திரம் என்று கிண்டல் பண்ணினேன். யாரும் சிரிக்கவில்லை. நானும்தான்.

ஜூலை 10, புதன்

இன்று கூட்டத்தில் வந்த கோபம் இன்னும் போகவில்லை. ரப்பர் வேகிற பிரஷர் சட்டியில் டயரைப் போட்டுவிட்டு நேரம் பார்க்க மறந்தேன். ஒரு கோழி வண்டி டயர் அப்பளமாயிற்று.

புத்தகத்தின் ஒன்பதாம் பக்கத்தில் ஒரு கதை. நெடுந்தூரம் ஓட்டுகிற லாரி டிரைவர். மாதக்கணக்கில் வீடு வர மாட்டான். வழியில் தப்பு நடக்கிறது. தனக்கு நோய் வந்தது தெரியாமல் வீட்டுக்கு வருகிறான். ஆப்பிரிக்காவில் எழுதிய கதை. படத்து லாரியின் பம்பரில் சிவப்புத் துணிகூட இருக்கிறது, அங்கேயும் திருஷ்டி படும்போல.

பொன்னுரங்கம் அந்தப் பக்கத்தைத் தட்டினார். இது லாரி ஊர், தெருவுக்கு நாலு டிரைவர், டிரைவர் பிள்ளைகள் மனசு என்ன பாடுபடும், லாரிக்காரர்கள் சங்கம் வந்து நிற்கும் என்றார். சரி, மனசைப் பற்றியாவது யோசிக்கிறாரே என்று நினைத்தேன். அடுத்த வாக்கியத்தில் தீர்வும் சொன்னார். டிரைவரை எடுத்துவிட்டு, வடக்கேயிருந்து கூலிக்கு வந்த ஆளாகப் போட்டுவிடலாம். இந்திக்காரன் மாதிரி ஒரு முகம், தோளில் ஒரு பை.

பிரஃபுல்லா அடுத்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவருக்குத் தமிழ் புரியாது என்று எல்லாரும் நினைக்கிறார்கள். எட்டு வருடமாக இங்கே கோழி பிடிக்கிறவருக்கு, தன்னைப் பற்றிப் பேசுகிறார்கள் என்பதுகூடவா புரியாது? தன் முழங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். சம்பளம் கொடுக்கிறவர் எதிரே வேறு எங்கே பார்ப்பார்?

ஒட்டகச்சிவிங்கியை மாற்றினார்கள், ஆட்டை மாற்றினார்கள், துப்பட்டாவுக்குப் பின் குத்தினார்கள். அந்தப் புத்தகத்தில் நம் ஊருக்கு மாற்றவே தேவையில்லாத ஒரே ஆள் அந்த டிரைவர்தான். அவனை எடுத்துவிட்டு, பழியைக் கொண்டுபோய் அடுத்த ஊர்க்காரன் தோள் பையில் வைக்கிறார்கள். இதற்குப் பேர் பண்பாடாம்.

ஆணுறை என்ற சொல்லும் இன்று போயிற்று. 'தகுந்த பாதுகாப்பு' என்று போடச் சொன்னார் சிற்றம்பலம் சார். அப்படியென்றால் ஹெல்மெட்டா சார் என்று பையன்கள் கேட்பார்கள் என்றார் ஸ்டெல்லா டீச்சர். கேட்டால் பார்த்துக்கொள்ளலாம் என்றார் சார்.

இத்தனைக்கும் நான் வாயைத் திறக்கவில்லை. பதினொரு வருடம் நாக்பூர் வரைக்கும், கல்கத்தா வரைக்கும் லாரி ஓட்டியவன் நான். அதைச் சொல்லக்கூட வாய் வரவில்லை. வீட்டுக்கு வந்து டைரியிடம் கோபப்படுகிறேன். வீரன்.

ஜூலை 12, வெள்ளி

கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

முறையாக எழுதிவிடுகிறேன். இன்றைய கூட்டத்தில் பதினேழாம் பக்கம் அவர்கள் கண்ணில் பட்டுவிட்டது. பரவாது, நெடுநாள் வாழலாம் என்றெல்லாம் போட்டால் பிள்ளைகளுக்குப் பயம் விட்டுப்போகும், பயம்தான் ஒழுக்கம் என்றார் பொன்னுரங்கம். அந்த இடத்தில் ஒரு மண்டையோடு போட்டு, 'வந்தால் மரணம்' என்று சிவப்பில் எழுதினால் போதுமாம். அது இப்போது உண்மையில்லை என்று தாட்சாயணி மெதுவாகச் சொன்னார். உண்மை வேறு, பாடம் வேறு என்றார் இவர்.

நான் பேசினேன். இரண்டே வாக்கியம். "அந்தப் பக்கம் இருக்கட்டுங்க. ஊட்டுல யாருக்காச்சும் இருக்கற புள்ள படிச்சா, மண்டையோட்டப் பாத்து என்னத்துக்கு ஆகும்?"

பொன்னுரங்கம் நிதானமாகத் திரும்பினார். "ஏனுங்க செங்கோட்டுவேலு, உங்களுக்கு இதுல என்னங்க இத்தன அக்கற?"

கேட்டதில் தப்பான அர்த்தம் ஒன்றும் இல்லாமல் இருக்கலாம். ஆனால் எனக்கு வியர்த்துவிட்டது. சும்மாதானுங்க, தோணுச்சு, சொன்னேன் என்றேன். சிரித்தும் வைத்தேன். தீர்மான நோட்டு சுற்றி வந்தது. 'பக்கம் 17 நீக்கம்' என்பதற்கு எதிரே என் பெயரை அழகாக எழுதினேன். பள்ளிக்கூட நாளில்கூட அவ்வளவு அழகாக எழுதியதில்லை.

பிரஃபுல்லாவும் போட்டார். நான் போட்டதைப் பார்த்துவிட்டுத்தான் போட்டார்.

ஜூலை 13, சனி

வளர்மதியிடம் சொன்னேன். அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். "கையெழுத்துப் போடறதுல மட்டும் எப்பவும் மொதல் ஆளு" என்றாள். அப்புறம் அலாரம் அடித்தது. காலை எட்டு மணி அலாரத்துக்கு லாரி ஹாரன் சத்தம் வைத்திருக்கிறேன். இரண்டு பேரும் சத்து மாத்திரை போட்டுக்கொண்டோம். தாரணி பள்ளிக்கூடப் பையை அடுக்குகிற சாக்கில் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜூலை 17, புதன்

ஆடி ஒன்று. எங்கள் பக்கத்து வழக்கப்படி தேங்காய் சுட்டோம். கண்ணைக் குத்தித் தண்ணீரைக் கொஞ்சம் எடுத்துவிட்டு, வெல்லம், பொட்டுக்கடலை, எள், அவல் எல்லாம் திணித்து, அழிஞ்சிக் குச்சியில் செருகித் தெருவில் நெருப்பு மூட்டினோம். என் தேங்காய் வழக்கம்போல் வெடித்தது. ஓட்டினது லாரி, ஒட்டுகிறது டயர், தேங்காயாவது ஒழுங்காய் வரும் என்று பார்த்தால் அதுவும் பங்க்சர்.

எதிர் வீட்டு மணிமேகலை, வளர்மதி சுட்டதில் பாதியை வாங்கி, நன்றாக இருக்கிறது அக்கா என்று சாப்பிட்டாள். உள்ளே வந்ததும் வளர்மதி மெல்லச் சொன்னாள்: "தெரிஞ்சா இந்தத் தேங்காயத் தொட்டிருப்பாளா?" நான் நெருப்புக்குச் சாம்பல் போட வெளியே போய்விட்டேன்.

அங்கே ஒன்று பார்த்தேன். மணிமேகலையின் சின்னப் பெண், நாலு வயது, தாரணி கடித்துக்கொண்டிருந்த துண்டைக் கேட்டது. தாரணி கையை வெடுக்கென்று பின்னால் இழுத்தாள். குழந்தை அழுதது. தாரணி ஓடிப்போய் வேறு தேங்காயை உடைத்து, தான் தொடாத துண்டாகப் பார்த்து, காகிதத்தால் எடுத்துக் கொடுத்தாள்.

அவ்வளவு சுத்தமா என்று கேட்டேன். "அப்டித்தான்ப்பா" என்றாள்.

ஜூலை 20, சனி

நடந்ததை வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

ஸ்டெல்லா டீச்சர் வகுப்பில் ஒரு வாரமாகக் கேள்விப் பெட்டி வைத்திருந்தார். பேர் எழுதாமல் எந்தக் கேள்வியும் போடலாம். இன்று கமிட்டி முன்னால் பெட்டியைக் கொட்டினார். எதற்குப் புத்தகத்தில் பதில் வேண்டும், எது வேண்டாம் என்று பிரிக்க வேண்டும். அறுபது சீட்டு இருக்கும். கொசு கடித்தால் வருமா, முடிவெட்டும் கடையில் வருமா, முத்தம் கொடுத்தால் வருமா. நாங்கள் மாடு வரைந்துகொண்டிருந்த நேரத்தில் பிள்ளைகள் கேட்டிருப்பது இதையெல்லாம். பாதிக்கும் மேல் பதில் பதினேழாம் பக்கத்தில்தான் இருந்தது.

சிற்றம்பலம் சார் ஒரு சீட்டை உரக்கப் படித்தார்.

"தினமும் காலையில் மாத்திரை போடுகிறவர்கள் எத்தனை வருடம் உயிரோடு இருப்பார்கள்? அம்மா அப்பா இரண்டு பேருக்கும் இருந்தால் பிள்ளைக்கும் கட்டாயம் இருக்குமா? பிள்ளையின் எச்சில் பட்டால் மற்ற குழந்தைகளுக்கு ஒட்டுமா? பிள்ளை டெஸ்ட் எடுத்தால் வீட்டுக்குத் தெரிந்துவிடுமா?"

சீட்டின் மூலையில் டயர் படம். ரப்பர் கம்பெனிக்காரர் டைரியோடு சேர்த்துக் கொடுத்த குறிப்புத் தாள். அந்தக் கட்டை நான்தான் தாரணிக்கு ரஃப் நோட்டுக்கென்று கொடுத்தேன். பச்சை ஜெல் பேனா.

பிள்ளைக்கும் கட்டாயம் இருக்குமா.

நான் அந்தச் சிவப்புப் புள்ளியை என்னவென்று நினைத்திருந்தேன் என்று இங்கே எழுதவில்லை. இப்போது எழுதுகிறேன். எங்களைத் தொட அவளுக்கு அருவருப்பு என்று நினைத்தேன். அவள் எங்களிடமிருந்து விலகவில்லை. தன்னிடமிருந்து எல்லாரையும் விலக்கிவைத்திருக்கிறாள். இரண்டு மாதமாக, தனக்கும் இருக்கிறது என்று நம்பிக்கொண்டு, தன் தட்டைத் தானே கழுவியிருக்கிறாள்.

பொன்னுரங்கம், இது பாடத்துக்குச் சம்பந்தமில்லாத கேள்வி, கிழித்துவிடலாம் என்றார். நான் பார்க்கிறேன் சார் என்று கையை நீட்டி வாங்கி, சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

அவள் என்னிடம் கேட்க முடியாமல் பெட்டியிடம் கேட்டாள். நான் அவளிடம் சொல்ல முடியாமல் புத்தகத்திடம் விட்டேன். அந்தப் புத்தகத்திலும் பதிலை வெட்டக் கையெழுத்துப் போட்டவன் நான். அவர்கள் மேல் இத்தனை நாள் பட்ட கோபமெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமில்லை.

ஜூலை 21, ஞாயிறு

சொன்னோம்.

தொண்டையைச் செருமினேன். சட்டைப் பையிலிருந்து சீட்டை எடுத்துத் தாரணி முன்னால் வைத்தேன். அவள் அதைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டாள், ஏதோ தப்புப் பண்ணியவள்போல.

வளர்மதி பீரோவுக்குப் போனாள். கல்யாணப் புடவைக்கு அடியிலிருந்து ஒரு தாளை எடுத்து வந்தாள். பதினாலு வருடத்துக்கு முன் நான் லேமினேட் செய்து வைத்தது. தாரணி, பெண், வயது ஒன்றரை. பரிசோதனை முடிவு: எச்.ஐ.வி இல்லை.

"கண்ணு, உனக்கு இல்ல" என்றாள் வளர்மதி. "நீ வயித்துல அஞ்சு மாசமா இருக்கறப்ப எனக்குத் தெரிஞ்சுது. உனக்கு வரப்படாதுன்னு மருந்து குடுத்தாங்க. வரல. நாலு தடவ பாத்தாச்சு."

தாரணி தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மாத்திரை டப்பாவில் இருந்த பெயரை ஏப்ரலில் போனில் தேடினாளாம். முதலில் வந்ததே ஒரு மண்டையோட்டுப் படமாம். அதற்குமேல் படிக்கவில்லையாம்.

அப்புறம்தான் அழுதாள். எவ்வளவு நேரம் என்று எழுத மாட்டேன்.

எப்படி வந்தது என்று கேட்டாள். லாரி ஓட்டிய காலத்தில் என்னால் வந்தது, உன் அம்மாவுக்கு நான் கொண்டுவந்தது என்று சொன்னேன். அந்த வாக்கியத்தைச் சொல்லப் பதினாறு வருடம் ஆயிற்று. அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. வளர்மதி பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்துகொண்டாள். அது நியாயம்தான்.

பிறகு தாரணி, "அப்ப ரெண்டு பேரும் கெழடு ஆவீங்களா?" என்றாள்.

"ஆவோம். நீதான் கஷ்டப்படோணும்" என்றேன்.

சிரிக்கவில்லை. இரவு சாப்பிடும்போதும் புள்ளி வைத்த தட்டுதான். தாளை மட்டும் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

ஜூலை 25, வியாழன்

நாளை கடைசிக் கூட்டம். வளர்மதியிடம் கேட்டேன். நீண்ட நேரம் துணி மடித்தாள். "உங்களப் பத்திச் சொல்லோணும்னா சொல்லுங்க. எம்பேரும் புள்ள பேரும் வரப்படாது" என்றாள். கடைசித் துணியை மடித்துவிட்டு, "நல்லாப் பேசுங்க. சிரிச்சு வெக்காதீங்க" என்றாள்.

தாரணி நான்கு நாளாக என்னோடு அதிகம் பேசவில்லை.

ஜூலை 26, வெள்ளி

டீ வந்தது, தட்டில் ஆறு கிளாஸ். எல்லாருக்கும் எடுத்துக் கொடுத்தது நான். அப்புறம் தீர்மான நோட்டைக் கேட்டேன். பக்கம் 17 நீக்கம் என்பதற்கு எதிரே இருந்த என் கையெழுத்தைக் கோடு போட்டு அடித்து, சம்மதமில்லை என்று எழுதினேன். பெற்றோர் கையெழுத்து இல்லாமல் அச்சுக்குப் போகாது என்று தாட்சாயணி முதல் நாளே சொல்லியிருந்தார்.

பொன்னுரங்கம் அதே கேள்வியைக் கேட்டார். உங்களுக்கு என்ன இத்தனை அக்கறை?

"நீங்க எடுத்துப்போட்டீங்களே ஒரு லாரி டிரைவர். அது நானுங்க" என்றேன். "பதினாறு வருசமா மாத்திர போடறேன். உங்க முன்னாடி உக்காந்திருக்கறேன், சாகல. அந்த ஆளுக்குப் பதிலா பிரஃபுல்லாவ எதுக்குப் போடறீங்க? என்னையே போடுங்க. பதினேழாம் பக்கத்தையும் போடுங்க."

பொன்னுரங்கம் கையிலிருந்த கிளாஸைப் பார்த்தார். மேஜையில் வைத்து, ஒரு விரலால் தள்ளினார். கிளாஸால் பரவாது என்று படம் போட்டுச் சொன்னதும் அந்தப் பதினேழாம் பக்கம்தான். பாவம், அவர்தான் அதை வெட்டியிருந்தாரே, அவருக்கு எப்படித் தெரியும்?

பிரஃபுல்லா எழுந்து வந்தார். நோட்டைத் தன் பக்கம் திருப்பி, என் பேனாவை வாங்கி, தன் கையெழுத்தையும் அடித்தார். முதலாளி பார்த்துக்கொண்டிருந்தார். "என் பொண்ணும் படிக்குது சார்" என்றார். நல்ல தமிழ்.

சிற்றம்பலம் சார் கண்ணாடியைத் துடைத்தார். இரண்டு பெற்றோரும் இல்லாமல் கமிட்டி ஏது, பழைய பக்கங்களையே வைத்துக்கொள்ளலாம் என்றார். டிரைவரும் திரும்பி வந்தான். 'தகுந்த பாதுகாப்பு' மட்டும் அப்படியே நிற்கிறது. அதில் சார் இறங்கி வரவில்லை. அந்தச் சொல்லை வகுப்பில் நான் வாயால் சொல்லிக்கொள்கிறேன் என்றார் ஸ்டெல்லா டீச்சர்.

ஜூலை 27, சனி

எனக்கு வர வேண்டிய கோழி வண்டிகள் இரண்டு அடுத்த கடைக்குப் போயின. ஒரே நாளில் செய்தி பரவிவிட்டது. எது பரவும், எது பரவாது என்று இந்த ஊருக்கு யாராவது புத்தகம் போட வேண்டும்.

மணிமேகலை காலையில் வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தவள், என்னைப் பார்த்ததும் உள்ளே போனாள். வளர்மதி பார்த்துவிட்டாள். யார் பெயரையும் நான் சொல்லவில்லை. ஆனால் ஊர் கூட்டிப் பார்க்காதா? என் கணக்குதான் எப்போதும் முப்பத்தைந்து. நான் கூட்டத்துக்குப் போகும் முன்பே வளர்மதிக்கு இது தெரிந்திருக்கிறது. தெரிந்துதான் போகச் சொல்லியிருக்கிறாள்.

பிரஃபுல்லாவுக்கு வேலை போகவில்லையாம். விசாரித்துவிட்டேன்.

ஜூலை 28, ஞாயிறு

காலை எட்டு மணிக்கு ஹாரன் அடித்தது. இந்த டைரியிலும் சத்து மாத்திரை என்றே எழுதியிருக்கிறேன். சத்து மாத்திரை அல்ல, மாதாமாதம் சேலம் போய் வாங்கி வருகிற எச்.ஐ.வி மாத்திரை. நானும் வளர்மதியும் தாரணி முன்னால் போட்டுக்கொண்டோம்.

தாரணி நாளைய பாடத்துக்கு நோட்டில் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். எழுந்து வந்தாள். என் டம்ளரில் பாதி டீ இருந்தது. எடுத்தாள், நின்றபடியே குடித்தாள், சர்க்கரை பத்தவில்லை என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.